விலக்கலில் பிறக்கும் வடிவம்

ஆயிரம் பசுக்களை ஒரே சொல்லால் பசு என்கிறோம். அந்த ஆயிரத்திலும் பொதுவான ஒன்று மெய்யாகவே உறைகிறதா, அல்லது பொதுமை என்பது நம் மனம் தன் வசதிக்குச் செய்துகொண்ட ஏற்பாடா? இந்தியத் தத்துவத்தில் இதைவிட நீண்டு நடந்த வழக்குகள் அதிகம் இல்லை. நியாய சூத்திரம் ஒரு பெயரின் பொருளில் மூன்றைக் கண்டது: தனிப்பொருள், அதன் உறுப்புகள் அமைந்திருக்கும் விதமாகிய ஆகிருதி, பலவற்றிலும் ஒன்றாய் நிற்கும் சாமானியம். வைசேடிகர் அந்தச் சாமானியம் நித்தியமானது, ஒன்றேயானது, பலவற்றில் உறைவது என்றார்கள். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகமும் அதைத் தமிழில் தந்த சிவஞான முனிவரும் அந்தக் கொள்கையை நம் சைவ மரபின் பாடம்வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். பௌத்தர்கள் இதை அடியோடு மறுத்தார்கள். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் திக்நாகர், பசு என்ற சொல் பொதுவான எதையும் சுட்டுவதில்லை, பசு அல்லாதவற்றை விலக்குவதே அதன் வேலை என்றார். இந்த விலக்கலுக்கு அபோகம் என்று பெயர். காஞ்சியில் மணிமேகலை அறவண அடிகளிடம் கேட்கும் அளவைப் பாடம் திக்நாகர் மரபுத் தருக்கத்துக்கு மிக நெருக்கமானது. ஆகவே இந்த வழக்கு தமிழுக்கு வெளியூர்ச் சரக்கும் அல்ல.

பல நூற்றாண்டுகள் வாதிட்டும் வழக்கு தீரவில்லை. வாதிகளின் திறமையில் குறையில்லை; சாட்சியில்தான் குறை. இருதரப்பும் பசுவையும் குடத்தையுமே திரும்பத் திரும்பக் காட்டின. பசுவைப் பார்க்கும் கண் ஏற்கெனவே பசுவைப் பார்த்துப் பழகிய கண். அது காணும் ஒப்புமையில் பொருளின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ‘ஒன்றுபோல்’ என்பதற்கு என்ன பொருள் கொள்கிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, பசுவையே கண்டிராத ஒன்றிடம் தேடக் கொடுத்தால்தான் வழக்கு நகரும். கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் புரதங்களின் வடிவக்கூறுகளைத் தேடும் அல்காரிதங்கள், தத்துவ நோக்கம் எதுவும் இல்லாமலே, இதைச் செய்துவந்திருக்கின்றன. அவற்றின் சாட்சியத்தை வைத்து நான் வந்தடையும் முடிவு இது. பொதுமை விலக்கலில் பிறக்கிறது என்றதில் திக்நாகர் சரி. விலக்குவது மனம் என்றதில்தான் பிசகு. புரதத்தில் அணுக்களே விலக்குகின்றன. பொதுமை பொருளிலேயே இருக்கிறது என்ற, நியாய மரபினரான நையாயிகரின் பிடிவாதம் அதனால் பிழைக்கிறது, ஆனால் அவர்கள் அதற்குச் சூட்டிய நித்தியம் என்ற முடி பிழைக்கவில்லை.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. இருபது வகை அமிலங்கள். சில பத்துகள் முதல் பல ஆயிரங்கள்வரை நீளம். சங்கிலி மடிந்து ஒரு குறிப்பிட்ட உருவத்தை எடுத்த பிறகே பெரும்பாலான புரதங்கள் வேலை செய்கின்றன. ஜான் கெண்ட்ரூவின் குழு 1958இல் மயோகுளோபினின் உருவத்தை முதன்முதலில் கண்டபோது, எதிர்பார்த்த சமச்சீர் எதுவும் அதில் இல்லாதது ஏமாற்றமாகவே இருந்தது. இன்னும் பல புரதங்கள் தெரியவந்தபின் வேறொரு ஒழுங்கு புலப்பட்டது. முழு உருவங்கள் வேறுபட்டாலும் அவற்றின் பகுதிகள் மீண்டும் மீண்டும் வந்தன. 1973இல் எஸ். டி. ராவும் மைக்கேல் ராஸ்மேனும் வெவ்வேறு புரதங்களுக்குள் பீட்டா இழைகளும் ஆல்ஃபா சுருள்களும் மாறிமாறி வரும் ஒரே அமைப்பு இருப்பதை ஒப்பிட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டில் கெண்டை மீனின் பார்வால்புமினில் கால்சியத்தைப் பிடிக்கும் சுருள்-வளைவு-சுருள் அமைப்பு அடையாளம் காணப்பட்டது. இப்படி மீள வரும் பகுதிகளைத்தான் மோட்டிஃப் என்கிறார்கள். இங்கே வடிவக்கூறு என்போம். நியாய சூத்திரத்தின் ஆகிருதிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை அந்நூலின் ஆசிரியர் அட்சபாதரே கேட்டிருக்க முடியாது.

இவற்றைக் கணினி எப்படித் தேடுகிறது? அதற்குக் கிடைப்பது அணுக்களின் இருப்பிட எண்கள் மட்டுமே. 1971இல் ஏழு வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று 2 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரே அமைப்பு ஒரு புரதத்தில் நிமிர்ந்தும் இன்னொன்றில் தலைகீழாகவும் இருக்கலாம். அப்போது எண்கள் முற்றிலும் மாறிவிடும். வரைபடத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் தஞ்சாவூர், திருச்சி, மதுரை மூன்றுக்கும் இடையிலான தூரங்கள் மாறாததுபோல, இருப்பிடங்களை விட்டுவிட்டு இடைத்தூரங்களை மட்டும் எடுத்துக்கொள்வது ஒரு வழி. ஹோல்மும் சாண்டரும் 1993இல் வெளியிட்ட டாலி இந்த வழியில் செல்வது. இடைத்தூரங்கள் கண்ணாடிப் பிம்பத்தை வேறுபடுத்தாது என்பதால் வலம்-இடத்தைத் தனியே சரிபார்க்க வேண்டும். இன்னொரு வழி, ஒவ்வோர் அமிலத்தையும் ஒரு புள்ளியாகவும் தூரத்தைக் கோடாகவும் கொண்ட வலையாகப் புரதத்தை மாற்றி, பெரிய வலைக்குள் சிறிய வலையைத் தேடுவது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஆர்ட்டிமியக்கும் வில்லெட்டும் அவர்கள் குழுவினரும் வளர்த்த முறை. மூன்றாவது, கணினிப் பார்வைத் துறையிலிருந்து நுஸினோவும் வுல்ஃப்சனும் 1991இல் கொண்டுவந்த வடிவியல் ஹேஷிங். எந்த வழியானாலும் இறுதியில் ஓர் எல்லை வைத்தாக வேண்டும்: இத்தனை ஆங்ஸ்ட்ராமுக்குள் பொருந்தினால் ஒன்று, மீறினால் வேறு.

அந்த எல்லையில்தான் பௌத்தர் கைவைப்பார், வைக்கவும் வேண்டும். 1983இல் காப்ஷும் சாண்டரும் எழுதிய டிஎஸ்எஸ்பி என்ற நிரல், ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றல் ஒரு மோலுக்கு மைனஸ் 0.5 கிலோகலோரிக்குக் கீழ் இருந்தால் பிணைப்பு உண்டு என்று கணக்கிட்டு, அதிலிருந்து சுருளையும் இழையையும் வகுக்கிறது. இந்த 0.5 இயற்கை எழுதித் தந்த எண் அல்ல. வேறு விதிகளோடு 1995இல் வந்த ஸ்டிரைடு, சுருள்களின் முனைகளில் பல இடங்களில் அதனோடு முரண்படுகிறது. முழு மடிப்புகளை வகைப்படுத்தும் இரண்டு பெரிய அட்டவணைகளான ஸ்காப்பும் கேத்தும் எது ஒரு வகை, எது இரண்டு என்பதில் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. ஒன்று தனித்தனியாகப் பிரித்தவற்றை மற்றொன்று ஒரே பெயரின்கீழ் சேர்க்கிறது. பெயர்களே மனிதக் கண்ணின் முத்திரையோடு வருகின்றன. ஜேன் ரிச்சர்ட்சன் ஒரு பீட்டா அமைப்புக்குக் கிரேக்க ஜாடிகளின் கரைச்சித்திரத்தைப் பார்த்துத்தான் பெயர் கொடுத்தார். இவ்வளவையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். வடிவக்கூறுகள் என்று பட்டியலிடப்பட்ட அனைத்தும் பொருளில் உள்ளவை என்று சொல்பவர் அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்க்காதவர்.

ஆனால் எல்லாக் கூறுகளும் இப்படிக் கரைவதில்லை. மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த கைமோட்ரிப்சின் என்ற செரிமான நொதியை எடுத்துக்கொள்வோம். அதன் வேலை செய்யும் இடத்தில் மூன்று அமிலங்கள் சேர்ந்து நிற்கின்றன: 57ஆம் இடத்து ஹிஸ்டிடின், 102ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம், 195ஆம் இடத்து செரின். சங்கிலியில் இவை வெகுதொலைவில் இருப்பவை. மடிப்புதான் அருகே கொண்டுவருகிறது. சப்டிலிசின் என்பது பேசில்லஸ் பாக்டீரியாக்களிலிருந்து வரும் நொதி, சலவைத்தூளில் சேர்க்கப்படுவது. இரண்டின் அமில வரிசையிலும் ஒற்றுமை இல்லை. மடிப்பும் வேறு: முன்னது இரண்டு பீட்டா பீப்பாய்கள், பின்னது நடுவே பீட்டா தகடும் இருபுறமும் சுருள்களும். ஆனாலும் சப்டிலிசினிலும் அஸ்பார்ட்டிக் 32, ஹிஸ்டிடின் 64, செரின் 221 என அதே மூன்று, அதே இடவமைப்பில் நிற்கின்றன. சங்கிலியில் வரும் முறைகூட மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றில் ஹிஸ்டிடின் முந்துகிறது, மற்றதில் அஸ்பார்ட்டிக். ஆகவே வரிசையை மட்டும் படிக்கும் எந்த அல்காரிதத்துக்கும் இந்த ஒற்றுமை தெரியாது. முப்பரிமாண வெளியில் அணுக்கள் நிற்கும் நிலையைப் பார்ப்பதற்கே தெரியும்.

1996இல் வாலஸ், லாஸ்கோவ்ஸ்கி, தார்ன்டன் மூவரும் இந்த மூன்றின் அமைப்பை ஒரு முப்பரிமாண அச்சாக வைத்துத் தரவு வங்கி முழுவதும் தேடினார்கள். செரின், ஹிஸ்டிடின், அஸ்பார்ட்டிக் என்ற மூன்றும் எங்காவது பக்கத்தில் பக்கத்தில் வருவது பெரிய அதிசயம் அல்ல. எத்தனையோ புரதங்களில் தற்செயலாகவே அப்படி வரும். வினையூக்கம் செய்யும் மூவர்கள் ஒரே அமைப்பைச் சுற்றி நெருங்கிக் குவிந்தன, தற்செயல் மூவர்கள் விலகி நின்றன என்பதுதான் செய்தி. பொதுமை முழுவதும் நம் எல்லைக்கோட்டால் உண்டாவதானால், கோட்டைத் தளர்த்தத் தளர்த்தப் பொருத்தங்கள் சீராகப் பெருகிக்கொண்டே போக வேண்டும். கோட்டை எங்கே போட்டாலும் ஒன்றே. நடுவே வெற்றிடம் இருந்தால் கோட்டைச் சற்று இப்படியோ அப்படியோ நகர்த்தினாலும் உள்ளே இருப்பவை மாறுவதில்லை. அந்த வெற்றிடத்தை நிரலை எழுதியவர் வைக்கவில்லை. அளவுகோலை மாற்றியும் கலையாதது எது, கலைவது எது என்று கேட்கும் வசதி பசுவையும் குடத்தையும் வைத்து வாதிட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை.

திக்நாகர் வழிவந்த பௌத்தர் தர்மகீர்த்தி இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். காய்ச்சலைத் தணிக்கும் சீந்தில் போன்ற மூலிகைகளை அவர் உதாரணம் காட்டுகிறார்: அவை ஒன்றுக்கொன்று வேறானவை, அவற்றுக்குள் பொதுமை எதுவும் இல்லை, ஆனாலும் ஒரே பயனைத் தருவதால் ஒரே வகை என்கிறோம். பொதுமை என்று தோன்றுவது உண்மையில் பயனின் ஒற்றுமையே. கூர்மையான வாதம். இதைப் புரதங்களில் சோதிக்கலாம். பயன்தான் வகையைச் செய்கிறது என்றால், பயனால் சேரும் கூட்டமும் வடிவத்தால் சேரும் கூட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. புரதச் சங்கிலியை வெட்டுவது கைமோட்ரிப்சினின் வேலை. அதே வேலையைப் பெப்சின் இரண்டு அஸ்பார்ட்டிக் அமிலங்களைக் கொண்டும் தெர்மோலைசின் ஒரு துத்தநாக அயனியைக் கொண்டும் செய்கின்றன. பென்சிலினை உடைக்கும் பாக்டீரியா நொதிகளிலும் செரின் வழி ஒரு கூட்டம், துத்தநாக வழி ஒரு கூட்டம். இவை தர்மகீர்த்தியின் மூலிகைகளேதான். மறுபக்கம், செரின்-ஹிஸ்டிடின்-அஸ்பார்ட்டிக் மூவர் புரதத்தை வெட்டாத மனிதக் கணைய லிபேஸிலும் இருக்கின்றன. அது கொழுப்பை உடைப்பது. பயன் ஒன்றாயிருக்க வடிவம் பலவாகிறது, வடிவம் ஒன்றாயிருக்கப் பயன் பலவாகிறது. ஒன்றை மற்றொன்றின் நிழல் என்று ஒதுக்க முடியாது.

நையாயிகர் இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். ஒன்றையொன்று ஓரளவு மட்டும் கவ்வி, ஒன்றுக்குள் ஒன்று முழுதும் அடங்காத இரண்டு வகைகள் இரண்டுமே சாமானியமாக இருக்க முடியாது என்பது நியாய மரபின் உதயணர் வகுத்த தடைகளில் ஒன்று, சங்கரம் என்பார்கள். புரத உலகம் முழுவதும் சங்கரம்தான். மூவர் அமைப்பு பல மடிப்புகளில் குறுக்கே ஓடுகிறது, மடிப்புகள் பல வேலைகளின் குறுக்கே ஓடுகின்றன. கிளை பிரியும் ஒரே மரமாக உலகை அடுக்க வேண்டும் என்ற வைசேடிக ஆசை இங்கே நிறைவேறாது. வடிவங்கள் மெய்யானவை, ஆனால் மரம்போல் அடுக்க முடியாதவை என்று ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, உதயணருக்கு இருந்திருக்கும்.

மெய்யானவை என்றால் எதனால் மெய்யானவை? இங்கேதான் சென்னைக்கு வர வேண்டியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55இல் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனுக்கு மூன்று சுருள்கள் முறுக்கிய அமைப்பை முன்வைத்தார்கள். ரிச்சும் கிரிக்கும் அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் குறை சொன்னார்கள். எவ்வளவு நெருக்கம் அளவுக்கு மீறியது? அதற்குத் தெளிவான விடை அப்போது இல்லை. ராமச்சந்திரன் அந்தக் குறையை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் கேள்வியாக எடுத்துக்கொண்டார். தெரிந்த படிகங்களில் அணுக்கள் எவ்வளவு தூரம்வரை நெருங்குகின்றன என்று தொகுத்து, புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமிலத்தின் இருபுறமும் உள்ள இரண்டு திருகுகோணங்களின் எந்தெந்தச் சேர்க்கையில் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் சேர்ந்து கணக்கிட்டார்கள். 1963இல் வெளிவந்த அந்தக் கட்டத்தைத்தான் உலகம் ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது. அப்போது அணுத் துல்லியத்தில் தெரிந்திருந்த புரத வடிவம் அநேகமாக மயோகுளோபின் ஒன்றுதான். அதாவது புரதங்களைப் பார்த்து வகைகளைத் தொகுத்த வேலை அல்ல இது. எது இருக்க முடியாது என்பதை மட்டும் கணக்கிட்டார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி அடிபட்டுப் போனது. எஞ்சிய சில தீவுகளில் ஒன்றில் பாலிங் 1951இல் ஊகித்த ஆல்ஃபா சுருள் இருந்தது, இன்னொன்றில் பீட்டா இழை இருந்தது. பக்கச்சங்கிலி இல்லாத கிளைசினுக்கு மட்டும் தீவுகள் விரிந்தன, மோதுவதற்கு அதனிடம் அவ்வளவு இல்லாததால்.

இதன் தத்துவ எடையை முழுதாக உணர வேண்டும். ஆல்ஃபா சுருள் என்ற பொதுமை எதனால் வந்தது? எல்லாச் சுருள்களுக்குள்ளும் ‘சுருள்தன்மை’ என்ற ஒரு பதார்த்தம் புகுந்து உறைவதால் அல்ல. மற்ற நிலைகள் விலக்கப்பட்டதால். இது சொல்லளவில் அப்படியே அபோகம்: சுருள் என்பது சுருள் அல்லாதவற்றின் விலக்கல். ஆனால் திக்நாகரின் அபோகத்தில் விலக்குபவர் பேசுபவர். பேச்சு நின்றால் விலக்கலும் நிற்கும். இங்கே விலக்குவது ஓர் ஆக்சிஜன் இன்னோர் அணுவின் இடத்துக்குள் நுழைய முடியாமை. மனிதர் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, பெயரிட யாரும் இல்லாத கடலில், முதல் புரதச் சங்கிலிகளை அதே விலக்கல் வளைத்தது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களின் வடிவம் தெரிந்தபோது அவற்றின் அமிலங்கள் அந்தத் தீவுகளிலேயே விழுந்தன. ஒன்று வெளியே விழுந்தால் ஆய்வாளர் முதலில் சந்தேகிப்பது தம் அளவீட்டைத்தான். சரிபார்த்தும் அது நிலைத்தால், அந்த நெருக்கடிக்குப் புரதம் ஆற்றலால் விலைகொடுத்திருக்கிறது என்று பொருள். விலக்கலின் வன்மை கூடக்கூடப் பொதுமையும் கூர்மையாகிறது. பீட்டா இழை, சுருள், பீட்டா இழை என்று வரும் அமைப்பில் இணைப்பு ஏறக்குறைய எப்போதும் வலஞ்சுழியாகவே வருவது 1976இல் கவனிக்கப்பட்டது. இழைகளின் இயல்பான முறுக்கு இடஞ்சுழியைப் பாதகமாக்குகிறது. ஆனால் ஒரு மடிப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற இடத்தில் விலக்கல் தளர்வானது, இடைநிலைகள் சாத்தியமானவை. ஸ்காப்பும் கேத்தும் அங்கேதான் சண்டையிடுகின்றன. எல்லா வடிவங்களும் மெய், எல்லாமே கற்பனை என்ற இரண்டு முடிவுகளுக்கும் விளக்க முடியாத இந்த ஏற்றத்தாழ்வை விலக்கல் விளக்கிவிடுகிறது.

இதை ஏற்காதவர்கள் முதலில் கேட்பது: இடைத்தூரத்தைப் பார், பக்கச்சங்கிலியை விடு என்று தேர்ந்தது மனிதர் தாமே? நீங்கள் தேடச் சொன்னதைத்தானே கருவி கண்டது? தேர்வு மனிதருடையது என்பது உண்மை. கேள்வியைத் தேர்வது விடையைத் தேர்வது ஆகாது. கைமோட்ரிப்சினின் அச்சை வைத்துத் தேடச் சொன்னவர்கள், அது லிபேஸில் இருக்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை. இருக்காமலும் போயிருக்கலாம், எத்தனையோ அச்சுகளுக்கு அப்படி எதுவும் அகப்படுவதில்லை. அண்மைக்காலக் கருவிகள் இந்த ஆட்சேபத்தை இன்னும் மெலிதாக்குகின்றன என்று சிலர் சொல்வார்கள். ஃபோல்ட்சீக் என்ற நிரல், அண்டை அமிலங்கள் நிற்கும் நிலையை 20 எழுத்துகளாகத் தானே கற்றுக்கொண்டு, ஆல்ஃபாஃபோல்டு கணித்துத் தந்த 20 கோடிக்கு மேற்பட்ட வடிவங்களுக்குள்ளும் வேகமாகத் தேடுகிறது. எனக்கு அந்த வாதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. பரிணாமத்தில் எது மாறாமல் நிற்கிறதோ அதைப் பிடிக்கும்படி அதற்கும் பயிற்சி கொடுத்தவர்கள் மனிதர்களே. கண் இல்லாத பார்வை கிடைத்துவிட்டது என்று கொண்டாட வேண்டியதில்லை. வெற்றிடம் இருக்கிறதா என்ற பழைய கேள்வியே போதும்.

அடுத்த ஆட்சேபம் கனமானது. உயிரினங்களில் வரும் ஒற்றுமை முழுவதும் வம்சத்தால் வந்ததாகக் கொள்ளலாமே? இன்னொரு செரிமான நொதியான டிரிப்சினும் கைமோட்ரிப்சினும் ஒத்திருப்பது ஒரே மூதாதையிலிருந்து வந்ததால். அப்படியானால் அது ஒரு குடும்பத்தின் வரலாறு, பொதுமை அல்ல. குடும்பம் என்பதும் ஒரு தனிப்பொருள்தான். பெரும்பாலான வடிவக்கூறுகளுக்கு இந்த விளக்கமே சரி என்று நினைக்கிறேன், ராஸ்மேன் மடிப்பின் பெரும்பகுதி உட்பட. சப்டிலிசினுக்கு அது பொருந்தாது. வரிசையும் மடிப்பும் சங்கிலியில் அமிலங்களின் முறையும் வேறான இரண்டு வம்சங்கள் தனித்தனியே நடந்து ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வம்சம் தராததை அங்கே தந்தது வேதியியலின் விலக்கல்: செரின் தாக்க வேண்டுமானால் அதன் புரோட்டானை வாங்க ஹிஸ்டிடின் ஹைட்ரஜன் பிணைப்புத் தூரத்தில் நிற்க வேண்டும், அந்த ஹிஸ்டிடினைச் சரியான திசையில் பிடித்து நிறுத்த இன்னொன்று வேண்டும்.

மூன்றாவது: ஒரே சங்கிலி இரண்டு வடிவம் எடுத்தால்? ஈகோலி பாக்டீரியாவின் ஆர்எஃப்ஏஹெச் என்ற புரதத்தின் வால்பகுதி, தலைப்பகுதியோடு ஒட்டியிருக்கும்போது இரட்டை ஆல்ஃபா சுருள்; விடுபட்டதும் பீட்டா பீப்பாய். நிலையான வடிவமே இல்லாத புரதங்களும் ஏராளம். வடிவம் பொருளின் இயல்பு என்ற பேச்சுக்கு இது அடி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வால் மாறி எடுப்பது என்ன? சுருளும் பீப்பாயும், இரண்டுமே பட்டியலில் ஏற்கெனவே உள்ளவை. சங்கிலி தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். விலக்கல் விட்டுவைத்த இடங்களுக்குள்தான் மாற்றிக்கொள்ளும்.

நித்தியம் என்ற உரிமைகோரலுக்கு வருவோம். புதிதாகப் பிறந்த கன்றுக்குள் பசுத்தன்மை எங்கிருந்து வந்தது, வேறிடத்திலிருந்து நகர்ந்ததா, முன்பே அங்கே காத்திருந்ததா என்று தர்மகீர்த்தி நையாயிகரை எள்ளினார். எள்ளல் நியாயமானதே. 2003இல் டேவிட் பேக்கரின் குழு டாப்7 என்ற புரதத்தைக் கணினியில் வடிவமைத்து ஆய்வகத்தில் செய்து காட்டியது. இயற்கையில் அதுவரை கண்டிராத மடிப்பு. அதன் சாமானியம் 2003க்கு முன் எங்கே உறைந்தது என்று கேட்டால் வைசேடிகரால் பதில் சொல்ல முடியாது, உறைவதற்கு ஒரு தனிப்பொருளும் இல்லாததால். விலக்கல் கொள்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த மடிப்பை எதுவும் தடுக்கவில்லை, அவ்வளவுதான். தடை இல்லாமை எங்கிருந்தும் நகர்ந்து வரவேண்டியதில்லை.

வடிவங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, இது படைத்தவனின் கைமுத்திரை என்று சொல்லும் பக்தியும் உண்டு. உதயணரின் நியாய குசுமாஞ்சலி ஈசுவரனை நிறுவ அடுக்கும் காரணங்களில் ஒன்று, அறிவற்ற அணுக்கள் தாமாக இணைய மாட்டா, இணைக்க அறிவுடைய ஒருவன் வேண்டும் என்பது. கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியாவால் உருக்குலைத்து, பிறகு யூரியாவை நீக்கினார். சங்கிலி சோதனைக்குழாயில் தானே மடிந்து பழைய வடிவத்தையும் பழைய வேலையையும் மீட்டது. அவருக்கு 1972இல் நோபல் கிடைத்தது. இந்தச் சோதனைக்குப் பிறகு, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு கை தேவை என்ற அளவில் உதயணரின் வாதம் நிற்காது. நாத்திகருக்கும் இதில் வெற்றி கிடைத்துவிடவில்லை. அணு அணுவை ஏன் விலக்க வேண்டும், விலக்கல் ஏன் இப்படியே இருக்க வேண்டும் என்ற கேள்வியைப் புரதங்கள் தொடவே இல்லை. ஈசுவரனை நம்புகிறவர் தம் வாதத்தை வடிவங்களிலிருந்து எடுத்துவிட்டு நியதியில் கொண்டுபோய் வைக்கலாம். நிமித்த காரணம், முதற்காரணம் என்று பிரித்துப் பேசப் பழகிய சைவ சித்தாந்திக்கு இது புதிய இடமும் அல்ல. வடிவம் மீண்டும் வருகிறது, ஆகவே வடிவமைத்தவன் உண்டு என்ற நேர்வழி மட்டும் மூடிவிட்டது.

ராமச்சந்திரன் தம் பிற்காலத்தில் புரதங்களை விட்டு இந்தியத் தருக்கத்தின் பக்கம் திரும்பி, சியாத் நியாய முறை என்ற பெயரில் அதற்குக் கணித வடிவம் கொடுக்க முயன்றார். 1980களில் வந்த அந்தக் கட்டுரைகளை உயிர்வேதியியலார் படிப்பதில்லை; தருக்கம் பயிற்றுபவர்கள் அவருடைய வரைபடத்தைப் பார்ப்பதில்லை. இந்த இரண்டு வகுப்பறைகளும் சென்னையில் ஒரு பேருந்துப் பயண தூரத்தில்தான் இருக்கின்றன. தருக்க சங்கிரகத்தில் சாமானியத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடத்தையும் பசுவையும் வைத்துக்கொள்ளுங்கள், அவற்றோடு கைமோட்ரிப்சினையும் சப்டிலிசினையும் பலகையில் வரையுங்கள். மாணவர்கள் பௌத்தர் பக்கம் நின்று கேள்வி கேட்கட்டும்.